ஆறு நாற்காலியும் எட்டு சிநேகிதர்களும்

கல்யாணத்திற்கு ஆயிரம் பேரை அழைப்பது சுலபம். ஒரு பந்தியில் இடம் இல்லாவிட்டால் அடுத்த பந்தியில் உட்காரலாம். அழைப்பிதழ் கிடைக்காதவர்கூட, தபாலில் தவறியிருக்கும் என்று தம்மைத் தாமே சமாதானம் செய்துகொண்டு மொய்க் கவரோடு வந்து சேர்ந்துவிடுவார். ஆனால் ஆறே பேர் உட்காரக்கூடிய ஒரு சீட்டுக் கச்சேரிக்கு ஏழாவது மனிதரை அழைக்காமல் இருப்பது இருக்கிறதே, அதைப்போல் ஒரு கிருகஸ்தனைத் திண்டாட வைக்கும் காரியம் வேறொன்று கிடையாது.

அம்பத்தூரிலிருந்து ஒரு நேயர் நமக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் சீட்டாட்டம் நடக்கிறது. வெகு காலம் ரம்மி. இப்போது அவருடைய பிள்ளையும் பிள்ளையின் சிநேகிதர்களும் சேர்ந்துகொண்ட பிறகு போக்கரும் உண்டு. மேஜை ஒன்று, நாற்காலி ஆறு. வர ஆசைப்படுகிறவர்களோ எட்டுப் பேர், சில வாரம் ஒன்பது பேர். ஒரு வாரம் அழைக்கப்படாமல் விட்டுப்போன ஒருவர், மறுவாரம் காய்கறிக் கடையில் எதிரே வந்தும், கத்தரிக்காயைப் பொறுக்குவதிலேயே கண்ணாக இருந்துவிட்டாராம். "ஆட்டத்தை நிறுத்துவதா, சிநேகிதத்தை நிறுத்துவதா?" என்று கேட்கிறார் நேயர். இரண்டையும் நிறுத்த வேண்டாம் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

"சீட்டாட்டமா? இந்தப் பக்கத்திலா?" என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். திருவள்ளுவர் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற நாம் தயாராக இல்லை. அவர் கண்டித்தது குடியைக் கெடுக்கும் சூதை. மாதக் கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு ஹோட்டல் டிபன் செலவுக்கு மேல் யாருக்கும் லாப நஷ்டம் இல்லாத ஆட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அந்த வரம்பைத் தாண்டுகிறவர்களைப் பற்றிப் பின்னால் கவனிப்போம்.

மேற்குப் புறநகரில் இந்தச் சங்கடம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1856-ஆம் வருஷம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் போட்ட ரயில் பாதை இந்தப் பக்கமாகத்தான் போயிற்று. ஆனாலும் அதற்குப் பிறகு வெகு காலம் இங்கே ஏரியும் வயலும் தோப்புந்தான் அதிகம். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச மாதிரியில் சமுதாயம் அமைய வேண்டும் என்று தீர்மானம் செய்தது. ஆறு வருஷம் கழித்து அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து புறப்பட்டது. அதற்கு முந்திய வருஷந்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் ஜனங்கள் வேலை தேடி வந்தார்கள். அத்தையும் மாமனும் சித்தப்பாவும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்காரரும், ஒரே ஷிப்டில் வேலை செய்தவரும், பூந்தமல்லி பஸ்ஸில் தினம் கூட வந்தவருமே பந்துக்கள் ஆனார்கள். அப்படிப்பட்ட இடத்தில், "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்று சொல்லாமல் விடுவது, கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரைப் போடாமல் விட்டதற்குச் சமானம்.

ரயில் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறோம். ஸீஸன் டிக்கெட்காரர்களின் சீட்டுக் கச்சேரியை அரக்கோணம் மார்க்கத்து லோக்கலில் பிரயாணம் செய்தவர்கள் கவனித்திருப்பார்கள். எதிரும் புதிருமாக நாலு பேர். முழங்கால்களுக்கு நடுவே ஒரு கைப்பெட்டி, அதன்மேல் விரித்த ஒரு துண்டு. முன்னால் ஏறுகிறவர் பின்னால் ஏறப் போகிறவருக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார். நின்றுகொண்டு வருகிற ஐந்தாம் மனிதர், ஒருவர் தோளுக்கு மேலாகச் சீட்டைப் பார்த்துக்கொண்டு, யோசனை சொல்லாமல் வாயை அடக்கப் படாத பாடு படுவார். ஆனால் அங்கே ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. வில்லிவாக்கம் வந்ததும் யாராவது ஒருவர் இறங்கியே தீரவேண்டும். ஐந்தாமவருக்கு இடம் தானாகக் கிடைத்துவிடும். வீட்டு மேஜைக்கு வில்லிவாக்கம் கிடையாது. அங்கே உட்கார்ந்தவர் இரவு பத்து மணி வரையில் எழுந்திருப்பதில்லை.

ஆகவே, முதலில் கணக்கைப் பார்ப்போம். எத்தனை பேர் உட்காரலாம் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பாதித் தீர்மானத்தைச் சீட்டே செய்துவிடுகிறது.

ரம்மிக்கு இரண்டு கட்டும் இரண்டு ஜோக்கரும் சேர்த்து 106 சீட்டு. தலைக்கு 13 வீதம் ஆறு பேருக்கு 78 போனால் நடுவில் 28 மிச்சம் இருக்கும்; ஆட்டம் சுகமாக ஓடும். ஏழாவது ஆளைச் சேர்த்தால் 91 போய், மிச்சம் 15. இரண்டு சுற்று இழுப்பதற்குள் கட்டு காலியாகி, கீழே போட்டதையே மறுபடி கலைத்து வைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது கட்டை அவிழ்க்கலாம். ஆனால் ஏழு பேர் யோசித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகும்.

போக்கர் சங்கதி வேடிக்கையானது. இப்போது எங்கும் ஆடுகிற முறையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுத்தான். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அவற்றைத் திறக்குமுன் கவிழ்த்து ஒதுக்குவது மூன்று. இப்படிப் பார்த்தால் 22 பேருக்கு 44, அதோடு ஐந்தும் மூன்றும் சேர்ந்து சரியாக 52. ஒரே கட்டில் 22 பேர் ஆடலாம் என்று சீட்டு அனுமதி கொடுக்கிறது! ஆனால் 22 பேர் சுற்றி உட்காரக்கூடிய மேஜை வேண்டுமானால் சத்திரத்துக்குத்தான் போகவேண்டும். தொழிலாக ஆடுகிற இடங்களிலேயே ஒன்பது அல்லது பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் எட்டுப் பேர் வரையில் சமாளிக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் பெரும்பாலான சமயம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே புத்திசாலித்தனம். ஆள் கூடக் கூட, பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் கூடும். மேஜையைச் சுற்றி எட்டுப் பேரும் எட்டுக் கைப்பேசியுமாகக் காட்சி அளித்தால், அதைக் கச்சேரி என்று எப்படிச் சொல்லுவது?

நம்முடைய பழைய 304-ஐ இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. ஒரு ஜாதிக்கு 76. நாலு ஜாதிக்கும் 304. ராஜாவையும் ராணியையும் கீழே தள்ளிவிட்டு ஜாக்கியைத் தலைமேல் தூக்கி வைத்த இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக ஒரு ஜனநாயகவாதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கும் இது செல்லமான ஆட்டம். ஏலம் கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைத்து, எதிரே உட்கார்ந்த கூட்டாளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆடும்போது, நாலு பேருக்கு நாலு மணி நேரம் நாலு நிமிஷமாகப் போய்விடும். இதன் பாலக்காட்டு உறவினர் என்று சொல்லத்தக்க 56 என்ற ஆட்டத்தில் இரண்டு கட்டிலிருந்து பொறுக்கிய 48 சீட்டு. ஆறு பேர், கட்சிக்கு மூவர், கைக்கு எட்டுச் சீட்டு.

இதையெல்லாம் எதற்காகச் சொல்லுகிறோம் என்றால், அநேகர் ஆட்டத்தை முதலில் நிச்சயம் செய்துகொண்டு, அதற்குத் தக்கபடி ஆளைக் கழிக்கிறார்கள். ஆளை எண்ணிக்கொண்டு, அதற்குத் தக்கபடி ஆட்டத்தை மாற்றினால் என்ன? ஆறு பேரானால் ரம்மியோ 56-ஓ. எட்டுப் பேரானால் இரண்டு மேஜையில் 304. எட்டுப் பேர் ஒரே மேஜையில்தான் இருக்கவேண்டும் என்று அடம் பிடித்தால், அன்றைக்குப் போக்கர். ஏழு பேர் வந்தால்தான் விபரீதம். ஏழு என்ற எண்ணுக்கு ஒத்துவருகிற வீட்டு ஆட்டம் எதுவும் நமக்குத் தென்படவில்லை. ஒருவரைச் சமையலறைக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்த ஒருவர் வீட்டுக்காரராக இருப்பது உசிதம்.

இனி அழைக்கும் விதத்திற்கு வருவோம். பாரதக் கதையில் திருதராஷ்டிரன் சொல்லி அனுப்ப, விதுரர் இந்திரப்பிரஸ்தத்துக்குப் போய் அழைக்கிறார். இது நல்லதற்கல்ல என்று அழைக்கப் போனவருக்கும் தெரியும், அழைக்கப்பட்டவருக்கும் தெரியும். ஆனாலும் அழைப்பை மறுப்பது முறையல்ல என்று தர்மபுத்திரர் புறப்பட்டுவிட்டார். போதாக்குறைக்கு, எல்லாவற்றையும் இழந்து, அதிர்ஷ்டவசமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர், வழியில் இரண்டாவது அழைப்பு வந்ததும் திரும்பியும் போனார். நம்மவர்களுக்கு அழைப்பு என்பது அவ்வளவு கனமான வஸ்து. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜாதி நாம். ஆகையால் அழைக்கிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம்.

இக்காலத்தில் விதுரர் செய்த வேலையை வாட்ஸப் செய்கிறது. ஒன்பது பேர் கொண்ட குழுவில், "ஞாயிறு மாலை நாலரை மணி. முதலில் சொல்லும் ஆறு பேருக்கு இடம்" என்று ஒரு வரி தட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். இதைவிட நியாயமான முறை உண்டா என்றும் கேட்கிறார். பார்வைக்கு நியாயந்தான். ஆனால் நடப்பது என்ன? எந்நேரமும் கைப்பேசியைக் கையில் வைத்திருக்கும் இளைஞர் மூவர், செய்தி போன அரை நிமிஷத்தில் இடம் பிடித்துவிடுகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்து திரை போட்டுத் தூங்குகிறவர், மத்தியானம் எழுந்து பார்க்கும்போது ஆறு பெயரும் நிரம்பியிருக்கிறது. எழுத்துப் பெரிதாகத் தெரிவதற்குக் கண்ணாடியைத் தேடும் பெரியவருக்கோ ஒரு நாளும் இடம் கிடையாது. ஓடுகிற வண்டியில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வீட்டுக்கு வருகிற விருந்தாளியை ஓடவிட்டுப் பார்ப்பது அழகல்ல.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தச் சங்கடத்தை வெகு நாளைக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள். 1864-ல் லண்டன் கிளப்புகள் ஒப்புக்கொண்ட விஸ்ட் ஆட்டச் சட்டங்களில் இதற்கென்றே விதி இருக்கிறது. ஆட்டத்துக்கு நாலு பேர். ஆனால் ஒரு மேஜைக்கு ஆறு பேர் வரையில் உரியவர்கள். ஒரு ரப்பர் முடிந்தவுடன், விடாமல் அதிகத் தடவை ஆடியவர் எழுந்து, காத்திருப்பவருக்கு இடம் விடவேண்டும். பிற்பாடு பிரிட்ஜ் ஆட்டமும் இதே ஏற்பாட்டைச் சுவீகரித்துக்கொண்டது. இதில் நமக்குப் பிடித்த அம்சம் என்னவென்றால், காத்திருப்பவரும் அந்த மேஜையைச் சேர்ந்தவராகவே கருதப்படுகிறார். அவர் வெளியாள் அல்ல. முறை வராதவர், அவ்வளவுதான்.

இதை அம்பத்தூருக்குக் கொண்டுவருவது கஷ்டமல்ல. எட்டுப் பேரையும் கச்சேரியைச் சேர்ந்தவர்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு பேருக்கு ஓய்வு. யாருக்கு எந்த வாரம் என்பதை ஒரு மாதம் முன்னதாகவே டைரியில் எழுதிவிட வேண்டும். ஷிப்டுக்காரர்கள் இருக்கும் வீட்டில் அவர்களுடைய இரவு ஷிப்டு வாரத்தையே ஓய்வு வாரமாகப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. மறு ஞாயிறு தமக்கு இடம் நிச்சயம் என்று தெரிந்தவர், இந்த ஞாயிறு வீட்டில் சந்தோஷமாக ஒட்டடை அடிப்பார். தெரியாதவர்தான் காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பார்ப்பார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் நாட்டில் "பார்க்கிறேன்" என்றொரு பதில் வழங்கி வருகிறது. அதற்கு வருகிறேன் என்று அர்த்தமல்ல. வரவில்லை என்றும் அர்த்தமல்ல. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை இரவோடு கணக்கை முடித்து, "பார்க்கிறேன்" என்றவரை வராதவராகவே பாவித்து, ஓய்விலிருப்பவரைக் கூப்பிட்டுவிட வேண்டும். இரண்டு தடவை இப்படி நடந்தால், அந்த மனிதர் அதற்குப் பிறகு ஆம், இல்லை என்று தெளிவாகப் பேசக் கற்றுக்கொள்வார். முன்னறிவிப்பில்லாமல் ஐந்தரை மணிக்கு வந்து நிற்பவருக்குக் காப்பி உண்டு, நாற்காலி கிடையாது. இதில் தாட்சண்யம் பார்த்தால் நேரத்துக்கு வந்தவர்களுக்குத் துரோகம் செய்ததாகும்.

இதுவரையில் சொன்னவை சுலபமான சங்கதிகள். நேயரின் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது, அதில் ஓர் ஓரத்தில் ஒரு விஷயம் இருப்பதைக் கண்டோம். காய்கறிக் கடையில் முகம் திருப்பிக்கொண்ட மனிதருக்கு வயது எழுபத்துநாலாம். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளை வெளிநாட்டில். காது கொஞ்சம் மந்தம். சீட்டை எடுத்தால் போடுவதற்கு இரண்டு நிமிஷம். எது ஜோக்கர் என்பதைச் சுற்றுக்கு ஒரு முறை கேட்கிறார். புதிதாக வந்த இளைஞர்கள், "அங்கிளை விட்டுடலாம், ஸார், கேம் ரொம்ப ஸ்லோவாப் போகுது" என்றார்கள். நேயரும், நாற்காலி ஆறுதானே என்று தம் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார். அந்த வீட்டுக்கு முதல் முதலில் சீட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு வந்தவர் அந்தப் பெரியவர்தான் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

இது நாற்காலிக் கணக்கல்ல என்பது நேயருக்கே தெரியும். தெரியாவிட்டால் நமக்கு எழுதியிருக்க மாட்டார். இளைஞர்களுக்கு வாரத்தில் ஏழு மாலை இருக்கிறது. சினிமா இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது. பெரியவருக்கு அந்த ஒரு மாலைதான். திங்கட்கிழமை காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பது ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். தம்மை ஏன் அழைக்கவில்லை என்று அவர் யாரையும் கேட்கமாட்டார். ஒரு வாரம் பார்ப்பார், இரண்டு வாரம் பார்ப்பார். பிறகு நாலரை மணிக்கு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நன்றாக ஆடத் தெரியாது என்பதற்காக ஒருவரைத் தள்ளலாம். சண்டைக்காரர் என்பதற்காகத் தள்ளலாம். முதுமைக்காகத் தள்ளுவது என்று ஆரம்பித்தால், வரிசை நீளமானது. இன்றைக்கு "ஸ்லோ" என்கிற பிள்ளையாண்டான்களும் அதில்தான் நிற்கிறார்கள்.

நேயர் செய்ய வேண்டியது இது. டெலிபோனில் பேச வேண்டாம். காது மந்தமானவரிடம் டெலிபோனில் மன்னிப்புக் கேட்டால் இன்னும் விபரீதமாகத்தான் முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்தே அவர் வீட்டுக்குப் போகட்டும். நாற்காலி, மேஜை, எண்ணிக்கை என்று வியாக்கியானம் செய்யாமல், "வருகிற ஞாயிறு 304, நீங்கள் எனக்குக் கூட்டாளி" என்று மட்டும் சொல்லட்டும். 304-ல் நிதானமாக யோசிப்பது குற்றமல்ல. ஐம்பது வருஷம் ஆடின கை அதில் இளைஞர்களுக்குச் சளைக்கவும் சளைக்காது. இன்னொரு யோசனையும் தோன்றுகிறது. தனியாக இருக்கிற பெரியவர் வீட்டில் கூடம் காலியாகத்தானே இருக்கும்? ஒரு மாதத்தில் ஒரு ஞாயிறு கச்சேரியை அங்கே மாற்றிவிட்டால், அன்றைக்கு யார் யாரை அழைப்பது என்று அவரே தீர்மானிப்பார். "ஸ்லோ" என்று சொன்ன இளைஞர்களை அவர் அழைக்கிறாரா என்று பார்க்க நமக்கும் ஆவலாக இருக்கிறது.

அடுத்தபடி, சிநேகிதரின் சிநேகிதர். "இவர் நம் ஆபீஸில் புதிதாக வந்திருக்கிறார், நன்றாக ஆடுவார்" என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை அழைத்து வருவது நம் நாட்டுப் பழக்கம். அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அவர் உட்கார்ந்த நாற்காலி யாரோ ஒருவருடையது. அழைத்து வந்தவரே தம் நாற்காலியைக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டால், இந்தப் பழக்கம் வெகுவாகக் குறையும்.

விருந்தாளியை நடத்தும் விதத்திற்கு ஒரு சரித்திர உதாரணம் இருக்கிறது. 1946 மார்ச் மாதம், அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், பல்ட்டன் என்ற சிற்றூரில் பிரசங்கம் செய்வதற்காகச் சர்ச்சிலை ரயிலில் அழைத்துப் போனார். இரும்புத் திரையைப் பற்றிப் பேசி உலகத்தையே பரபரப்படையச் செய்த பிரசங்கம் அதுதான். ட்ரூமன் போக்கரில் மகா ஈடுபாடு உள்ளவர். வாடிக்கையாக ஆடும் சகாக்களும் வண்டியில் இருந்தார்கள். சர்ச்சில் தாமும் ஆடுவேன் என்று உட்கார்ந்தார். சற்று நேரத்திற்கெல்லாம் அவருக்கு ஆட்டம் போதாது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவர் எழுந்து வெளியே போன சமயம் பார்த்து, விருந்தாளியை இப்படியா மொட்டையடிப்பது என்று ட்ரூமன் தம் சகாக்களைக் கடிந்துகொண்டதாகவும், அதன் பிறகு அவர்கள் கையை இறக்கி ஆடியதாகவும், கூட இருந்த கிளார்க் கிளிபோர்டு பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். காந்தியடிகளை 1931-ல் வாய்க்கு வந்தபடி இழித்துப் பேசிய சர்ச்சில், சீட்டுக்கட்டு விஷயத்தில் எதிராளிகளின் தயவில் பிழைத்தார் என்பதைப் படிக்கும்போது நமக்கு அவ்வளவாகத் துக்கம் உண்டாகவில்லை. ஆனால் ட்ரூமன் செய்தது சரியான காரியம்.

இப்பொழுது பணத்தின் விஷயம். நம் மாகாணத்தில் 1930-ஆம் வருஷத்திய சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. சீட்டு, பகடை முதலியவற்றை வைத்து, அதனால் வீட்டுக்காரர் லாபம் சம்பாதிக்கும் இடந்தான் சட்டத்தின் முக்கியமான குறி. 1967-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. சீட்டுக்கட்டு, பராமரிப்பு முதலியவற்றுக்காகக் கிளப் வாங்கும் அளவான கட்டணம் வேறு, ஆட்டத்திலிருந்தே லாபம் எடுப்பது வேறு என்றும் பேதம் காட்டியது. போக்கர் விஷயத்தில் ஹைகோர்ட்டுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2017-ல் குஜராத் ஹைகோர்ட் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது; 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட், இணைய ஆட்ட வழக்கில், அதையும் ரம்மியையும் திறமை ஆட்டங்களாகவே கருதியது. பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. அந்த இணைய ஆட்டங்களால் தமிழ் நாட்டில் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விட்டன என்பதைத் தினசரிப் பத்திரிகை படிக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கச்சேரியில் சேரும் பணத்திலிருந்து, காப்பிச் செலவுக்கென்றுகூட ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. நாற்காலிக்கு இவ்வளவு என்று வசூலிக்க ஆரம்பித்தால், இடநெருக்கடி தீர்ந்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் வீடு வீடாக இராது. போக்கருக்குப் புளியங்கொட்டையே போதும். இரண்டாவது, அழைப்புப் பட்டியலிலிருந்து ஒருவரை நாம் வேண்டுமென்றே எடுக்கத்தான் வேண்டிய சமயம் ஒன்று உண்டு. தோற்றதை அன்றைக்கே மீட்க வேண்டும் என்று துடிக்கிறவர், "பந்தயத்தைக் கொஞ்சம் கூட்டலாமே" என்று வாரந்தோறும் பிரஸ்தாபிக்கிறவர், பக்கத்து நாற்காலிக்காரரிடம் கைமாற்றுக் கேட்கிறவர் - இவரைக் கண்டால் நாற்காலி காலியாக இருந்தாலும் அழைக்கக் கூடாது. தர்மபுத்திரராலேயே மறுக்க முடியாத அழைப்பை இவர் எப்படி மறுப்பார்? ஆனால் இவரைச் சொல்லாமல் கழற்றி விடவும் கூடாது. தனியே கூப்பிட்டு, காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு காரியத்துக்கு அழைக்கலாம். திருமுல்லைவாயில் கோயிலுக்குச் சேர்ந்து போகலாம். பூந்தமல்லி வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, திருக்கச்சி நம்பி பிறந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். கோபித்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து அவருடைய மனைவி உங்கள் வீட்டுக்கு வந்து பேசும்போது தெரியும், அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்பது.

மனைவி என்றதும் நினைவு வருகிறது. இவ்வளவு நேரம் நாற்காலிகளைப் பற்றியே பேசினோமே, அவை இருக்கிற வீட்டின் அம்மாளை யாராவது கேட்டார்களா? ஆறு பேருக்கு என்று சொல்லிவிட்டு ஒன்பது பேரை உட்கார வைத்து, "இன்னும் மூன்று காப்பி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும் புருஷர்கள் இன்றும் இருக்கத்தான் செய்கிறார்கள். டிகாக்ஷன் என்பது ஏரித் தண்ணீர் அல்ல, மதகைத் திறந்தவுடன் வருவதற்கு. வெள்ளிக்கிழமை இரவு எண்ணிக்கை முடிந்தவுடன் முதலில் அது போக வேண்டிய இடம் சமையலறை. பரீட்சைக் காலத்திலும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதும், கச்சேரி இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அங்கேயே இருக்கட்டும்.

அதோடு, உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும் அந்த அம்மாளுக்கு ஆடத் தெரியுமா என்றும் ஒரு தடவை விசாரிப்பது நல்லது. வைகுண்ட ஏகாதசி ராத்திரிகளில் பரமபதமும் சொக்கட்டானும், கோடை விடுமுறையில் பேரன் பேத்திகளோடு 304-ம் ஆடித் தேறிய பாட்டிமார்கள் நம் வீடுகளில் அநேகம். ஏலம் கேட்பதில் அவர்கள் காட்டும் துணிச்சலைத் தொழிற்பேட்டை முதலாளிகளிடம்கூட நாம் கண்டதில்லை. அவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் நாற்காலி இன்னும் ஒன்று குறையும், உண்மைதான். அன்றைக்குப் பஜ்ஜி போடும் முறை யாருடையது என்பதை அதே டைரியில் பார்த்துக்கொள்ளலாம்.